விடை தெரியும், கேள்வி புரியவில்லை!

ஓசூரில் இருந்து பெங்களூர் போகும் பெரிய சாலையில் ஜூஜூவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாடு அங்கே முடிகிறது. சற்றுத் தூரம் போனால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம்.

காலை நேரத்தில் கம்பெனி பஸ்கள் இந்த எல்லையைத் தாண்டிப் போகின்றன, தாண்டி வருகின்றன. பூ வண்டி போகிறது. காய்கறி வண்டி போகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த எல்லை சில ஆண்டுகள் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது!

2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. 5-வது வகுப்புக்கும் 8-வது வகுப்புக்கும் பொதுப் பரீட்சை உண்டு என்றார்கள். பெற்றோர்கள் திடுக்கிட்டார்கள். "ஐந்தாம் வகுப்புக்கே பொதுப் பரீட்சையா?" என்று கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அந்தப் பரீட்சை ரத்து செய்யப்பட்டது. அப்போது கல்வி மந்திரியாக இருந்த செங்கோட்டையன் அதை அறிவித்தார். ஒரு பிள்ளைகூட அந்தப் பரீட்சையை எழுதவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. கர்நாடகத்தில் 2023-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி 5-வது, 8-வது வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை தொடங்கியது. அதற்கு முன்பே ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. மறு ஆண்டும் வழக்கு. 2024-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி 5, 8, 9 வகுப்புப் பிள்ளைகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார்கள். மறுநாளே சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவு வந்தது. பரீட்சை பாதியில் நின்றது. பிறகு ஐகோர்ட்டு அனுமதி கொடுத்தது. மார்ச் 25-ந் தேதி மீண்டும் தொடங்கியது. எழுதி முடித்த பிறகு ஏப்ரல் 8-ந் தேதி, முடிவை வெளியிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது!

பெரியவர்கள் கோர்ட்டில் வாதாடினார்கள். பத்து வயதுப் பிள்ளை, "நாளைக்குப் பரீட்சை உண்டா, இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டது. அம்மாவுக்கு என்ன தெரியும், பாவம்!

இதற்கெல்லாம் காரணம் ஒரு சட்டத் திருத்தம். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 8-வது வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. 2019-ம் ஆண்டு அதைத் திருத்தினார்கள். 5-வது, 8-வது வகுப்புகளில் பரீட்சை வைக்கலாம்; தேறாவிட்டால் நிறுத்தியும் வைக்கலாம்; அது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்றார்கள். தமிழ்நாடு வேண்டாம் என்று முடிவு செய்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 3, 5, 8 வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை கூடாது என்றே கூறியது.

(தாத்தாக்கள் சிலருக்கு நினைவு இருக்கும். ஒரு காலத்தில் 8-வது வகுப்பு முடிவில் ஈ.எஸ்.எல்.சி. என்று பொதுப் பரீட்சை இருந்தது. அதில் தேறினவர் ஊரில் பெரிய படிப்பாளி!)

அப்படியானால் நம் பிள்ளைகளுக்குப் பொதுவான பரீட்சையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி.

பரீட்சை யாருக்கு?

2021-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி இந்தியா முழுவதும் ஒரே நாளில் ஒரு பரீட்சை நடந்தது. 3, 5, 8, 10 வகுப்புகளில் படிக்கும் சுமார் 34 லட்சம் மாணவ-மாணவிகள் எழுதினார்கள். இதற்கு தேசிய அடைவு ஆய்வு என்று பெயர். 2024-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இதே மாதிரி இன்னொன்று நடந்தது. 3, 6, 9 வகுப்புகளில் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அதற்கு "பராக்" ஆய்வு என்று பெயர். 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டு சர்க்காரும் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அளவில் ஓர் அடைவுத் தேர்வு நடத்தியது.

"அடைவு" என்றால் என்ன? பிள்ளை எந்த அளவுக்குக் கற்று முடித்திருக்கிறது என்பதுதான் அடைவு.

தேசிய ஆய்வு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பது இல்லை. சில பள்ளிக்கூடங்களைப் பொறுக்கி எடுப்பார்கள். ஒரு வகுப்பில் அதிகம் போனால் 30 பிள்ளைகள் எழுதுவார்கள். சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அம்மா பானை முழுவதையுமா கொட்டிப் பார்க்கிறாள்? நாலு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். அதே கணக்குத்தான் இது.

முடிவும் பிள்ளையின் பெயரில் வராது. "இன்ன மாவட்டத்தில் 3-வது வகுப்புப் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு இது தெரிகிறது" என்று மாவட்டத்தின் பெயரில்தான் வரும். இதில் பாஸ் கிடையாது, பெயில் கிடையாது. பிள்ளையை யாரும் நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

அதாவது, இந்தப் பரீட்சையை எழுதுவது பிள்ளை. மார்க் வாங்குவது பள்ளிக்கூடமும் மாவட்டமும் சர்க்காரும்!

இதைப் பெற்றோர்கள் முதலில் புரிந்து கொள்ள வேண்டும். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையை மிரட்டக் கூடாது. "நீ சரியாக எழுதாவிட்டால் பெயில் போட்டு விடுவார்கள்" என்று சொல்வது பொய், தேவையில்லாத பொய். "படிப்பில் மட்டமான பிள்ளை அன்று வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதையும் கேட்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்குப் படிக்க வரவில்லையோ, அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்து கொள்ளத்தானே இந்த ஆய்வு?

அப்படியானால் வீட்டில் தயார் செய்ய என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஏன் என்றால், இந்தப் பரீட்சைகளில் கேட்கப்படுவது பாட்டு ஒப்பிப்பது அல்ல. வாசிக்கத் தெரிகிறதா, எண்ணத் தெரிகிறதா, யோசிக்கத் தெரிகிறதா என்பதுதான். இந்த மூன்றும் வராத பிள்ளை பின்னால் எந்தப் பரீட்சைக்கும் தடுமாறும்.

வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி

ஓசூர் வட்டாரத்தின் வீட்டு மொழி ஒன்று அல்ல. தமிழ் வீடும் தெலுங்கு வீடும் கன்னட வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாகலூர், வேப்பனப்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான். உருது பேசும் குடும்பங்களும் உண்டு. சிப்காட் வந்த பிறகு தெற்கு மாவட்டங்களில் இருந்து தமிழர்கள் வந்தார்கள். இப்போது வடக்கே இருந்து இந்தி பேசும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

எல்லை தாண்டிப் படிப்பது இங்கே புதிது அல்ல. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு பிறந்த ராஜாஜி, ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போனவர்தான். 1956-ம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தோடு இருந்தது. மாநிலம் ஒன்றானது, வீட்டுப் பேச்சு பலவாகவே இருந்தது.

இந்தப் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிக்கூடங்களும் உண்டு. 2006-ம் ஆண்டு தமிழ் கற்கும் சட்டம் வந்தது. அந்தக் கல்வி ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் ஒரு பாடம் ஆயிற்று.

தேசிய ஆய்வின் கேள்வித்தாள், பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் பாடம் நடக்கிறதோ அந்த மொழியில் வரும். தெலுங்கு வழிப் பிள்ளைக்குத் தெலுங்கில் வரும். அது நியாயம். ஆனால், தெலுங்கு வீட்டில் இருந்து தமிழ் வழி வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழில் வரும். கன்னட வீட்டில் இருந்து இங்கிலீஷ் மீடியம் போகும் பிள்ளைக்கு இங்கிலீஷில் வரும். அங்கேதான் சிக்கல்.

பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். விடையும் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பது மட்டும் தெரியாது!

தொண்ணூறு என்பது எத்தனை?

ஒரு சின்ன வேடிக்கையைப் பாருங்கள்.

தமிழில் 9 என்பது ஒன்பது. 90 என்பது தொண்ணூறு. 900 என்பது தொள்ளாயிரம்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கே இது கொஞ்சம் குழப்பம்தான். தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் "நூறு" தொங்குகிறது. ஆனால் அது நூறுக்குள் அடங்கிய எண். தொள்ளாயிரத்தின் வாலில் "ஆயிரம்" தொங்குகிறது. ஆனால் அது ஆயிரத்துக்குள் அடங்கியது. இருநூறு, முந்நூறு, நானூறு என்று படித்து வந்த பிள்ளை, தொண்ணூறு என்றதும் 900 என்று எழுதினால் அதில் என்ன அதிசயம்? காது சொன்னதைக் கை எழுதுகிறது.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு 9 என்பது தொம்மிதி. 90 தொம்பை. 900 தொம்மிதி வந்தலு, அதாவது ஒன்பது நூறுகள். அங்கே வழி நேராக இருக்கிறது. அந்தப் பிள்ளை தமிழ் வகுப்புக்கு வந்து "தொண்ணூறு" என்று கேட்டால், ஒன்பது நூறு என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கன்னட வீட்டில் 9 என்பது ஒம்பத்து. 90 என்பது தொம்பத்து. முதல் எழுத்தில்தான் வித்தியாசம்! இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு வேறு தொல்லை. தர்ட்டீன் என்றால் 13. தர்ட்டி என்றால் 30. வால் எழுத்து காதில் விழாவிட்டால் கணக்கு கெட்டது.

இது விளையாட்டு விஷயம் அல்ல. 2024-ம் ஆண்டு ஆய்வின் முடிவு மறு ஆண்டு வெளியாயிற்று. 99 வரை உள்ள எண்களைச் சிறியதில் இருந்து பெரியதாகவோ, பெரியதில் இருந்து சிறியதாகவோ வரிசைப்படுத்தத் தெரிந்த 3-வது வகுப்புப் பிள்ளைகள் இந்தியாவில் 100-க்கு 55 பேர்தான். இரண்டு இலக்க எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 58 பேர். மற்றவர்கள் அந்தப் படியில் நின்று விட்டார்கள்.

இதற்கு மருந்து என்ன? கடையில் விற்கும் கைடு அல்ல. வீட்டுத் துடைப்பத்தில் இருந்து உருவிய நூறு ஈர்க்குச்சி போதும்!

ஈர்க்குச்சியைச் சிறு துண்டாக ஒடித்துக் கொள்ளுங்கள். பத்துப் பத்தாக நூலால் கட்டுங்கள். ஒரு கட்டு பத்து. ஒன்பது கட்டு தொண்ணூறு. பத்துக் கட்டையும் சேர்த்துக் கட்டினால் நூறு. "தொண்ணூற்று மூன்று எடு" என்றால் பிள்ளை ஒன்பது கட்டும் மூன்று தனிக் குச்சியும் எடுக்க வேண்டும். பிறகு அதை எழுத வேண்டும். "முப்பத்தொன்பதா பெரியது, தொண்ணூற்று மூன்றா?" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்தே சொல்லி விடும்.

வீட்டில் தெலுங்கு பேசினால், குச்சியைக் கையில் வைத்துக் கொண்டு "தொம்பை" என்று சொல்லட்டும். பிறகு "தொண்ணூறு" என்று சொல்லட்டும். இரண்டு சொல்லும் அதே ஒன்பது கட்டுதான் என்பது மனதில் பதியட்டும். வீட்டு மொழியில் சொன்னால் பள்ளிக்கூட மொழி கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. தெரிந்த மொழியில் புரிந்து கொண்ட விஷயத்துக்கு இன்னொரு மொழியில் பெயர் வைப்பது சுலபம். இரண்டு மொழியிலும் புரியாததை மனப்பாடம் செய்வதுதான் கஷ்டம்.

"அதிகம்" என்றால் கூட்டலா?

இன்னொரு கண்ணி.

அக்காவிடம் 15 மாம்பழம் இருக்கிறது. தம்பியிடம் 9 மாம்பழம் இருக்கிறது. அக்காவிடம் எத்தனை அதிகம்?

கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு மாம்பழத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. இருந்தாலும் பல பிள்ளைகள் 24 என்று எழுதி விடும். ஏன்? "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்தது, கூட்டிவிட்டது. கேள்வியை முழுதும் படிக்கவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக் கொண்டு ஓடி விட்டது.

கேள்வித்தாளில் நாலு விடை கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்றுதான் சரி. மற்ற மூன்றும் சும்மா எழுதியவை அல்ல. பிள்ளை எங்கே வழுக்கும் என்று தெரிந்து வைத்த பொறி!

52-ல் 27 போனால் எத்தனை? விடைகள்: 35, 79, 25, 24.

சரியான விடை 25. 79 எப்படி வந்தது? கழிக்காமல் கூட்டிய பிள்ளைக்காக. 35 எப்படி வந்தது? 2-ல் 7 போகாது என்று, 7-ல் 2-ஐக் கழித்து விட்ட பிள்ளைக்காக. 24, விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறிய பிள்ளைக்காக.

ஆகவே, தவறான விடையைத் தொட்ட பிள்ளையை அடிக்காதீர்கள். "இந்த விடை எப்படி வந்தது, கண்ணு? சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அது சொல்லும்போதே பிழை வெளியே வந்து விடும். 35 என்று சொன்ன பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. அதே ஈர்க்குச்சிக் கட்டில் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் போதும். 79 என்று சொன்ன பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், கேள்வியைத்தான் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அடி கொடுத்து என்ன பயன்?

இன்னும் சில சொற்கள் பிள்ளைகளைத் தடுக்கி விடுகின்றன. "பொருந்தாதது எது?" "இவற்றில் பறவை அல்லாதது எது?" காகம், மயில், வௌவால், கிளி என்று கொடுத்திருப்பார்கள். முதலில் காகத்தைப் பார்த்ததும் "பறவை!" என்று அதை வட்டமிட்டு விடும். "அல்லாதது" என்ற சொல் கண்ணில் பட்டிருக்காது. ஏறுவரிசை, இறங்குவரிசை, மீதி, மொத்தம், வித்தியாசம்! வீட்டுப் பேச்சில் வராத சொற்கள் இவை. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு "எக்குவ" என்றால் தெரியும். "அதிகம்" என்றால் யோசிக்கும். இப்படிப்பட்ட இருபது முப்பது சொற்களைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் வீட்டு மொழிச் சொல்லையும் எழுதுங்கள். எந்த கைடும் இதைவிடப் பெரிதாக உதவாது.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வாள்?

"நானே பள்ளிக்கூடம் போனது இல்லை. என் பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று பல தாய்மார்கள் கேட்பார்கள்.

சொல்லித் தர வேண்டாம், கேட்டால் போதும்!

கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் வீடுகளில் நேரம் கிடைப்பது அரிது. அப்பா இரவு ஷிப்டு முடிந்து வரும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிக் கொண்டிருக்கும். அம்மா பகல் ஷிப்டு முடிந்து வந்து அடுப்பு மூட்டுவாள். பரவாயில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். ஒரு கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

"இதில் என்ன சொல்லியிருக்கிறது?"

"இதில் என்ன கேட்டிருக்கிறது?"

"நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

தெலுங்கிலோ கன்னடத்திலோ பதில் சொன்னாலும் சரி. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை. அம்மாவுக்குப் புரிய வைக்க முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்து விட்டது என்று அர்த்தம். எழுத்துத் தெரியாத அம்மா இங்கே ஒரு நல்ல வாத்தியார். ஏன் என்றால், அவள் விடையைத் தானே சொல்லி விட மாட்டாள்!

பதினைந்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் மட்டும் நாலு மணி நேரம் உட்கார வைப்பது, பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் பத்துத் தோசை தின்னச் சொல்வது மாதிரி.

வாசிப்புக்கும் புத்தகம் வாங்க வேண்டியது இல்லை. பஸ் போர்டு இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் போர்டுகளில் இரண்டு மூன்று மொழிகள் இருக்கும். ரேஷன் கடைச் சீட்டு இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில் எடை, விலை, தேதி எல்லாம் இருக்கின்றன. "இது எந்த மாதம் வரை நன்றாக இருக்கும், படித்துச் சொல்லு" என்று கேளுங்கள்.

ஒரு சின்னக் கதையைப் படிக்கச் சொல்லலாம். இதோ, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போன ஒரு பாட்டியின் கதை:

பாட்டியும் பேத்தியும் சந்தைக்குப் போனார்கள். பாட்டி கூடையில் இரண்டு கோழி கொண்டு போனாள். அவற்றை விற்றாள். பேத்திக்கு ஒரு பாவாடை வாங்கினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டி பாடிக் கொண்டே வந்தாள்.

இதில் மூன்று விதமாகக் கேள்வி கேட்கலாம். "பாட்டி எத்தனை கோழி கொண்டு போனாள்?" இதற்கு விடை கதையிலேயே இருக்கிறது. "பாவாடை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?" இது ஒரே இடத்தில் இல்லை, இரண்டு வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். "பாட்டிக்கு அன்று சந்தோஷமா, வருத்தமா?" இது கதையில் எழுதப்படவே இல்லை, ஊகித்துச் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லாப் பிள்ளையும் விடை சொல்லும். மற்ற இரண்டில்தான் தடுமாறும். அடைவுத் தேர்வில் அந்த மாதிரிக் கேள்விகளும் வருகின்றன.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தந்தார்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததன் நஷ்டத்தை ஈடு செய்ய வந்த திட்டம் அது. வீட்டிலும் அப்படியே செய்யலாம். 4-வது வகுப்புப் பிள்ளைக்கு 2-வது வகுப்புப் பாடம் வாசிக்க வராவிட்டால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2-வது வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

வட்டமும் பென்சிலும்

சில பரீட்சைகளில் கேள்வித்தாளிலேயே விடையைக் குறிக்கச் சொல்வார்கள். சிலவற்றில் ஓ.எம்.ஆர். தாள் என்று தனித் தாள் கொடுப்பார்கள். அதில் வரிசையாகச் சின்ன வட்டங்கள் இருக்கும். சரியான வட்டத்தை மட்டும் கறுப்பாக நிரப்ப வேண்டும். அதை மனிதர் திருத்துவது இல்லை, யந்திரம் திருத்துகிறது. யந்திரத்துக்கு இரக்கம் கிடையாது! ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினால் மார்க் இல்லை. 7-வது கேள்வியை விட்டுவிட்டு, 8-வது கேள்வியின் விடையை 7-வது வரிசையில் நிரப்பினால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பு.

இதற்கு ஒரு பழைய நோட்டில் நாலு நாலு வட்டமாக இருபது வரிசை போட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் பழகினால் போதும். அதற்கு மேல் இதில் கற்க ஒன்றும் இல்லை.

சில வீடுகளில் மாதிரிக் கேள்வித்தாளை வாங்கி, "1-வது கேள்விக்கு ஆ, 2-வது கேள்விக்கு ஈ" என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கேள்வி மாறி வந்தால் அந்த ஆ-வும் ஈ-யும் எங்கே போய் ஒட்டும்?

பணம் உள்ள பரீட்சை ஒன்று

தொடக்கப் பள்ளியைத் தாண்டி, 8-வது வகுப்பில் ஒரு பரீட்சை இருக்கிறது. இது மட்டும் பிள்ளையின் பெயரில் முடிவு வரும் பரீட்சை. என்.எம்.எம்.எஸ். என்று சொல்வார்கள். 2008-ம் ஆண்டு தொடங்கியது. சர்க்கார் பள்ளி, பஞ்சாயத்து-நகராட்சிப் பள்ளி, சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.3½ லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 7-வது வகுப்பில் 100-க்கு 55 மார்க் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50. தேர்வு பெற்றால் 9-வது வகுப்பு முதல் பிளஸ்-2 வரை மாதம் ரூ.1,000 வீதம் கிடைக்கும். நாலு ஆண்டுக்கு ரூ.48 ஆயிரம்! காண்டிராக்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்னப் பணம் அல்ல. பெண்ணின் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் வீட்டில், இந்த ஆயிரம் ரூபாய் ஒரு வாதம்.

இதில் இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிஷம். ஒரு தாள் பாடம். இன்னொன்று மனத்திறன். 3, 6, 11, 18 என்று எண்களைக் கொடுத்து, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். (வித்தியாசம் 3, 5, 7, ஆகவே அடுத்தது 27.) நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. வாசிப்பு தடைப்பட்டால் நேரம் போதாது. 3-வது வகுப்பில் அடுப்பங்கரையில் வாசித்த வாசிப்பு இங்கேதான் ரூபாயாக வருகிறது. 7-வது வகுப்பு முடியும்போதே தலைமை ஆசிரியரைப் பார்த்து, விண்ணப்பிக்கும் தேதியைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

அன்று காலையில்

பரீட்சைக்கு முதல் நாள் புதிதாக எதையும் சொல்லித் தர வேண்டாம். சீக்கிரம் தூங்கட்டும்.

காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு எல்லா சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தச் சாப்பாடு பள்ளி தொடங்கும் முன்பே. ஆகவே கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும். சீவிய பென்சில் இரண்டு, ஒரு ரப்பர் கொடுங்கள்.

போர்டில் எழுதியது சரியாகத் தெரியவில்லை என்று பிள்ளை முன்பே சொல்லியிருந்தால், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் பரீட்சை வரும் வரை காத்திருக்கக் கூடாது. கேள்வியை மூக்கருகே வைத்துப் படிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிய வீடுகள் உண்டு.

"தெரியாத கேள்வி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. கடைசியில் திரும்பி வா" என்று ஒரு தடவை சொல்லி அனுப்புங்கள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும், "எத்தனை சரி? எத்தனை தப்பு?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டாம். சாப்பிடட்டும். விளையாடட்டும். பிறகு, "ஞாபகம் இருக்கிற ஒரு கேள்வியைச் சொல்லு, கண்ணு" என்று கேளுங்கள். பிள்ளை அதை வீட்டு மொழியில் சொல்லும். கேள்வி என்ன கேட்டது என்று தெளிவாகச் சொல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். விடையைப் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். ஈர்க்குச்சிக் கட்டு அங்கேதான் இருக்கிறது.